ருவீட்டருக்குத் தனி அம்ப் பூட்ட முன்னம்

ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்து நாலு திருகாணியையும் கழற்றி, வயர் பூட்டுகிற கிண்ணத்தை வெளியே இழுத்தால் அதன் முதுகில் சின்னப் பலகை ஒன்று ஒட்டியிருக்கும். செப்புக் கம்பி சுற்றிய கொயில் இரண்டு, கப்பாசிட்டர் இரண்டு மூன்று, வெள்ளைச் சீமெந்துக் கட்டி மாதிரி ஒரு றெசிஸ்டர். அம்பிலிருந்து (அம்ப்ளிஃபையர்) வருவதைப் பிரித்து, கீழ்ச்சத்தத்தை வூஃபருக்கும் மேல்ச்சத்தத்தை ருவீட்டருக்கும் அனுப்புகிற பசிவ் குரோஸ்ஓவர் இதுதான். இதைக் கழற்றிவிட்டு, பிரிக்கிற வேலையை அம்புக்கு முன்னமே சின்ன வோல்ற்றில் முடித்து, வூஃபர், ருவீட்டர் என்ற ஒவ்வொரு ட்ரைவருக்கும் ஒரு அம்பை நேரே கொடுப்பது அக்டிவ் முறை. இப்படி இரண்டு ட்ரைவர் உள்ள இருவழிப் பெட்டி ஒரு சோடி என்றால் நாலு அம்ப் வேண்டும்.

பெட்டியின் பின்னால் நாலு முனை இருக்கிறது, இரண்டு அம்ப் பூட்டிவிட்டேன், இதுவும் அதுதானே என்று கேட்பார்கள். இல்லை. உள்ளே அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் இரண்டு அம்பும் முழுச் சத்தத்தையும் பெருக்கி, பாதியை அந்தக் கொயிலும் கப்பாசிட்டரும் மறித்துவிடுகின்றன. காசுக்குப் பிடித்த கேடு.

பலகையைக் கழற்றுவதால் என்ன வந்து சேரும்? வூஃபருக்குப் போகிற பாதையில் உள்ள கொயிலுக்கு 0.3, 0.5 ஓம் என்று சொந்தத் தடை உண்டு. அது போனால் வூஃபரின் கூம்பை அம்ப் இறுக்கிப் பிடிக்கும், பாஸ் தொளதொளக்காது. இரண்டாவது, 8 ஓம் என்று எழுதியிருக்கிற ட்ரைவர் எல்லா இடத்திலும் 8 ஓம் இல்லை. அலையெண்ணோடு மாறும், கொயில் சூடானாலும் மாறும். பசிவ் குரோஸ்ஓவரின் வெட்டும் இடமும் (கீழ்ச்சத்தமும் மேல்ச்சத்தமும் பிரிகிற அலையெண்) அதோடு சேர்ந்து நகரும். அக்டிவில் வெட்டுகிற இடத்துக்கும் ட்ரைவருக்கும் நடுவில் அம்ப் நிற்பதால் அது அசையாது. மூன்றாவது, கணக்கு: ஒரு அம்பின் உச்சம் 20 வோல்ற், மற்றதன் உச்சம் 20 வோல்ற் என்றால், 8 ஓமில் தலா 50 வாற் உச்சம். இதே இசையை ஒற்றை அம்ப் தாங்க வேண்டுமானால் இரண்டு உச்சமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற நேரத்துக்கு 40 வோல்ற், அதாவது 200 வாற் வேண்டும். அதைவிடப் பெரிய இலாபம், வூஃபர் அம்ப் மூச்சுத் திணறி அலையை வெட்டினாலும் அந்தக் கரகரப்பு ருவீட்டருக்குப் போய்ச் சேராது.

ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். பசிவ் பலகை ஊமைக் காவல்காரன். அது பிழை விட விடாது. அக்டிவ் நீங்கள் சொன்னதை அப்படியே செய்யும், பிழையாகச் சொன்னால் பிழையாகவே செய்யும். அம்ப் நல்லதா என்று மாதக் கணக்கில் யோசிக்கிறவர்கள் அளக்கிற மைக் வாங்காமல் காதாலேயே முடித்துவிடலாம் என்று இறங்குவார்கள். அவர்களுடைய பெட்டி பழைய பலகையோடு இருந்ததைவிடக் கேவலமாகத்தான் பாடும்.

எந்தப் பெட்டியைத் திறப்பது? யாழ்ப்பாணத்து வீடுகளில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பெட்டிகள் நிறையக் கிடக்கின்றன. வூஃபரின் ஓரம் ஸ்பொஞ் என்றால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். எங்கள் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது புட்டு மாதிரி உதிரும். றப்பர் ஓரம் பிழைக்கும். கூம்பை இரண்டு பக்கமும் சமனாக அழுத்தும்போது உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் அந்த ட்ரைவரை விட்டுவிடுங்கள். மல்டிமீற்றரில் 8 ஓம் ட்ரைவர் 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டினால் சரி. கனடாவிலிருந்து அம்பும் வந்திருந்தால் பின்பக்கம் பாருங்கள்: அங்கே 120 வோல்ற், இங்கே 230. மாற்றுகிற சுவிச் இல்லாத அம்பை எங்கள் பிளக்கில் செருகினால் பியூஸ் போவதுதான் அதிர்ஷ்டம், மற்றபடி புகை. லண்டன் சாமானுக்கு அந்தப் பயம் இல்லை.

கழற்றிய பலகையை எறியாதீர்கள். எந்த வயர் எங்கே போனது, ருவீட்டரின் பிளஸ் முனை எந்தப் பக்கம் பூட்டியிருந்தது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பல பெட்டிகளில் ருவீட்டர் வேண்டுமென்றே மாற்றிப் பூட்டப்பட்டிருக்கும், அது கம்பனி விட்ட பிழை இல்லை.

வெட்டுகிற இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். ருவீட்டரின் ஒத்ததிர்வு (அது தானாக அதிர்கிற அலையெண்) 1000 ஹேர்ட்ஸ் என்றால் 2000க்குக் கீழே இறக்கக் கூடாது. மேலே போனால் வூஃபர் கதிரையில் நேரே இருக்கிறவருக்கு மட்டும் பாடத் தொடங்கும். ஆறரை அங்குல வூஃபரில் அசைகிற கூம்பு ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீற்றர். இரண்டையும் வகுத்தால் 2700 ஹேர்ட்ஸ் அளவில் அலைநீளம் கூம்பின் அகலத்துக்குச் சுருங்கிவிடும். ஆகவே 2000க்கும் 2500க்கும் நடுவில். எட்டங்குலம் என்றால் 2000ஐத் தாண்டாதீர்கள்.

கையால் கட்ட விரும்புகிறவர்களுக்கு லிங்விட்ஸ்–ரைலி நாலாம் படி வடிப்பான் (ஃபில்ற்றர்) போதும். 1976 இல் சீக்ஃபிரீட் லிங்விட்ஸ் எழுதி வெளியிட்டது, இன்னும் அதை அசைக்க ஆளில்லை. ஒக்ரேவுக்கு, அதாவது அலையெண் இரட்டிக்கிற ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபெல் இறங்கும், வெட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபெல் குறைந்து நின்று, கூட்டும்போது நேராகும். இதன் அழகு, ஒரே அளவு றெசிஸ்டரும் ஒரே அளவு கப்பாசிட்டரும் வைத்தே முழுவதையும் கட்டலாம். 4.7 கிலோஓம், 10 நனோபரட். றெசிஸ்டரைக் கிலோஓமிலும் கப்பாசிட்டரை நனோபரட்டிலும் எடுத்துப் பெருக்கி, 112,500ஐ அதனால் வகுத்தால் ஹேர்ட்ஸ் வரும்: 112,500ஐ 47 ஆல் வகுக்க 2394. றெசிஸ்டரை 5.6 கிலோஓம் ஆக்கினால் 2009, 3.9 என்றால் 2885.

கீழ்ப்பக்க வடிப்பானில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடராக இரண்டு 4.7, ஒப்-அம்பின் (ஐசிக்குள் இருக்கிற சின்னப் பெருக்கி) வெளிவாயிலிலிருந்து திரும்பி வருகிற கப்பாசிட்டர் 20 நனோ, அதாவது இரண்டு 10 சமாந்தரமாக, பூமிக்குப் போவது ஒரு 10. மேல்ப்பக்கத்தில் எல்லாம் தலைகீழ்: தொடராக இரண்டு 10 நனோ, திரும்பி வருகிற றெசிஸ்டர் 4.7, பூமிக்குப் போவது இரண்டு 4.7 தொடராக. இப்படி இரண்டு கட்டத்தை அடுத்தடுத்து வைத்தால் நாலாம் படி. ஒரு சனலுக்கு 10 றெசிஸ்டர், 10 கப்பாசிட்டர், வடிப்பானுக்கு நாலு ஒப்-அம்ப், நுழைவாயிலில் ஒன்று. ஒரு ஐசிக்குள் இரண்டு ஒப்-அம்ப் உள்ள என்இ 5532 மூன்று போட்டால் ஒன்று மிஞ்சும். ருவீட்டரின் அளவைக் குறைக்கிற பொட்டென்ஷியோமீற்றருக்குப் பின்னால் அதை வையுங்கள். 7815, 7915 என்ற வோல்ற்றை நிலையாக வைக்கிற ஐசிகளைக் கொண்டு ±15 வோல்ற், ஒவ்வொரு ஐசியின் காலடியிலும் 0.1 மைக்ரோபரட்.

சாமான் வாங்குகிற இடத்தில் ஒரு எச்சரிக்கை. றெசிஸ்டர் 1 சதவீத மெற்றல் ஃபில்ம். கப்பாசிட்டர் பொலியெஸ்ரர் அல்லது பொலிப்ரொப்பிலீன். மண்ணிறத் தட்டையான செரமிக் வேண்டாம், வோல்ற்றோடும் சூட்டோடும் அளவு மாறுகிறது. கடையில் கிடைக்கிற ஃபில்ம் கப்பாசிட்டர் 5 அல்லது 10 சதவீதம் கூடிக்குறையும். இரண்டு சனலுக்கும் 20 தேவை, 40 வாங்குங்கள். மீற்றரில் ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றுக்கொன்று கிட்டிய 20ஐத் தெரிந்தெடுங்கள். இடமும் வலமும் ஒத்துப்போனால்தான் பாடகர் நடுவில் நிற்பார். யாழ்ப்பாண நகரத்தில் கிடைக்காததைக் கொழும்பு போகிற ஆளிடம் சொல்லிவிட்டால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். ஒரு பொதியாக வாங்கச் சொல்லுங்கள். மூன்று கடையில் மூன்று தொகுதி வாங்கினால் ஒன்றோடு ஒன்று ஒத்துவராது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னால், முதல் முறை செய்கிறவருக்கு டிஎஸ்பிதான் (சத்தத்தை எண்ணாக்கி வடிக்கிற சிப்) நல்லது. மினிடிஎஸ்பி போன்ற இரண்டு நுழைவு, நாலு வெளிவழிப் பெட்டி, அல்லது ஏடிஏயு 1701 சிப் உள்ள மலிவான பலகை. காரணம் வடிப்பான் இல்லை. பசிவ் பலகையில் வடிப்பானோடு சேர்த்து வேறு திருத்தங்களும் ஒளிந்திருக்கும்; பலகையோடு அவையும் போய்விடும். அவற்றைத் திரும்பச் செய்ய றெசிஸ்டரும் கப்பாசிட்டரும் கொண்டு மினக்கெடுவதைவிடக் கொம்பியூட்டரில் எண்ணை மாற்றுவது கெதி. ஆனால் டிஎஸ்பியைப் புதிதாக எடுத்த நேரத்திலும், ரீசெற் பண்ணிய பிறகும், நாலு வழியிலும் கீழ், மேல் என்று பிரியாத முழுச் சத்தம் வரும். அந்த நிலையில் ருவீட்டர் பூட்டியிருந்தால் ஒரு பாட்டின் முதல் அடிக்குள்ளேயே அது செத்துவிடும். சத்தம் கூடப் போடாது, சும்மா நின்றுவிடும்.

அம்ப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிபிஏ 3116 என்ற அம்ப் சிப் உள்ள பலகை 19 வோல்ற் லப்ரொப் சார்ஜரில் ஓடும், 8 ஓமுக்கு 20 வாற் சொச்சம். 24 வோல்ற் கொடுத்தால் 35 அளவில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது தாராளம், கரண்ட் போனால் 12 வோல்ற் பற்றறியிலும் பாடும். ருவீட்டருக்கு மட்டும் எல்எம் 3886 என்ற அம்ப் சிப் போடலாம். ±28 வோல்ற்றில் 8 ஓமுக்கு 38 வாற், இரைச்சலும் குறைவு, சூட்டுத் தகடு மட்டும் பெரிதாக வேண்டும். மலிவு விலைக்குக் கிடைக்கிற 3886 போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிபிஏ 3116 வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாதது: அதன் மைனஸ் முனை பூமி இல்லை. இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும். வயர் மிச்சம் பிடிக்க வூஃபரின் மைனஸையும் ருவீட்டரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கினால் அம்ப் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு தனி நரம்பு, 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். அதன் முனைக்கு வாழைப்பழப் பிளக் போடாதீர்கள். நாலு ஓட்டையில் ஒன்று மாறிப் போனால் பாஸ் முழுக்க ருவீட்டருக்கு. கோயில் திருவிழாவுக்குச் சவுண்ட் போடுகிறவர்கள் பாவிக்கிற ஸ்பீக்கொன் நாலுமுனைப் பிளக்தான் சரி. முதலாம் சோடி வூஃபர், இரண்டாம் சோடி ருவீட்டர். ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும், திருகினால்தான் பூட்டும், இருட்டிலும் மாறாது.

ருவீட்டரோடு தொடராக ஒரு 33 மைக்ரோபரட் பொலிப்ரொப்பிலீன் கப்பாசிட்டர், 250 வோல்ற். அக்டிவ் என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கப்பாசிட்டரா என்று முகம் சுழிப்பவர்கள் உண்டு. 8 ஓமில் இதன் வெட்டு 600 ஹேர்ட்ஸ், உங்கள் 2400க்கு இரண்டு ஒக்ரேவ் கீழே. இசையில் கால் டெசிபெல் மாறும், அதை டிஎஸ்பியில் திருப்பிக் கொடுக்கலாம். மாறாக, அம்ப் பழுதாகி நேரோட்டம் (டிசி) வந்தாலும், சுவிச் போடும்போது வருகிற "டொப்" சத்தத்துக்கும், பிளக்கைப் பிழையாகச் செருகிய கைக்கும், டிஎஸ்பி ரீசெற்றுக்கும் அது ஒரு அரண். பெரிய அடியை முழுக்கத் தடுக்காது, தாமதிக்கும். அதற்குள் நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிடலாம். இதைப் பூட்டிய பிறகுதான் அளக்க வேண்டும், அளந்த பிறகு பூட்டக் கூடாது.

முதல் ஓட்டம் ருவீட்டர் இல்லாமல். ருவீட்டர் வயரில் உடைந்த றேடியோ ஒன்றின் சின்ன ஸ்பீக்கரைப் பூட்டி மெல்லிய சத்தத்தில் பாட்டுப் போடுங்கள். "ஸ்ஸ்", "ட்ஸ்" மட்டும் கேட்க வேண்டும்; பேச்சு முழுமையாக விளங்கினால் எங்கோ பிழை. மீற்றரால் பார்ப்பேன் என்பவர்கள் கவனிக்க: மலிவு மல்டிமீற்றர் சில நூறு ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் ஏசி வோல்ற்றைச் சரியாகக் காட்டும், 5000 ஹேர்ட்ஸில் காட்டுவது கதை. நேரோட்டத்தை மட்டும் அதில் பாருங்கள். அம்பின் இரண்டு முனைக்கும் நடுவில் 50 மில்லிவோல்ற்றுக்கு மேல் நின்றால் பூட்டாதீர்கள். போடும்போது டிஎஸ்பி முதல், அம்ப் கடைசி. நிறுத்தும்போது அம்ப் முதல்.

அளப்பதற்கு யூஎஸ்பி மைக் ஒன்றும் ரூம் ஈகியூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். சீமெந்து நிலமும் பூசிய சுவரும் உள்ள எங்கள் அறைக்குள் அளந்தால் பெட்டியையா சுவரையா அளக்கிறோம் என்று தெரியாது. வீட்டு முற்றம் இருக்கிறதே. விடிய, காற்று எழும்ப முன்னம், ஒரு மேசைக்கு மேல் ஸ்ரூல் வைத்து ருவீட்டர் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றரில் வருமாறு பெட்டியை ஏற்றுங்கள். ஒரு மீற்றர் முன்னால், அதே உயரத்தில் மைக். நேரே வருகிற ஒலி 1 மீற்றர் ஓடும், நிலத்தில் பட்டு வருவது 3.16 மீற்றர். இடைவெளி 2.16 மீற்றர், 6.2 மில்லிசெக்கன். மென்பொருளில் அந்த 6 மில்லிசெக்கனுக்குப் பிறகு வெட்டிவிட்டால் நிலம் இல்லாத அளவு கிடைக்கும், 160 ஹேர்ட்ஸ் வரை நம்பலாம். அறைக்குள் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இதே வேலை 330 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும். காகம் கரைந்தால் திரும்ப ஒருமுறை எடுங்கள். கோயில் ஒலிபெருக்கி போடுகிற நாளில் இந்த வேலையே வேண்டாம்.

வூஃபரைத் தனியாக, ருவீட்டரைத் தனியாக, வடிப்பானோடு அளந்து பாருங்கள். ருவீட்டர் 91 டெசிபெல், வூஃபர் 87 என்று வந்தால் ருவீட்டர் வழியை 4 குறையுங்கள், வூஃபரை ஏற்றாதீர்கள். 20 சென்ரிமீற்றர் அகலப் பெட்டியில் 575 ஹேர்ட்ஸ் அளவிலிருந்து கீழே சத்தம் மெலியும், ஏனென்றால் நீளமான அலை பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும். 115ஐப் பெட்டியின் அகலத்தால், மீற்றரில், வகுத்தால் அந்த இடம் வரும். வெட்டவெளியில் 6 டெசிபெல் வரை மெலியலாம். அறையில் சுவருக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் 3 அல்லது 4 திருத்தினால் போதும். பலகையைக் கழற்றியவர்கள் "கிளியராக இருக்கிறது, ஆனால் மெல்லியதாய்க் குத்துகிறது" என்று சொல்வது இதைச் செய்யாததால்தான்.

அடுத்தது தாமதம், இங்கேதான் ஆறுதலாக வேலை செய்ய வேண்டும். வூஃபரின் கூம்பு உள்ளே குழிந்திருப்பதால் அதன் ஒலி புறப்படுகிற இடம் ருவீட்டருக்கு 2.5 சென்ரிமீற்றர் அளவில் பின்னால் இருக்கும். 2400 ஹேர்ட்ஸின் அலைநீளம் 14.5 சென்ரிமீற்றர், 2.5 என்பது அதில் 62 பாகை. கூட்டும்போது நேராக வர வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். ருவீட்டரை 0.07 மில்லிசெக்கன் பிந்த விட வேண்டும். 48 கிலோஹேர்ட்ஸில் ஓடும் டிஎஸ்பியில் தாமதத்தின் ஒரு படி, ஒலி 7.3 மில்லிமீற்றர் ஓடுகிற நேரம், ஆகவே மூன்று படி. சரியா என்று பார்க்கிற வழி காது அல்ல: ருவீட்டரின் பிளஸ்–மைனஸை டிஎஸ்பியில் மாற்றிவிட்டு அளந்து பாருங்கள். நாலாம் படி வடிப்பானில் தாமதம் சரியென்றால் 2400 இல் கிணறு மாதிரி 20, 30 டெசிபெல் ஆழத்தில் பள்ளம் தெரியும். 8, 10 டெசிபெல்லோடு நின்றால் ஒரு படி கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஆழமான இடத்தைப் பிடித்ததும் முனையைத் திரும்பப் பழையபடி மாற்றுங்கள். மாற்ற மறந்துவிட்டு ஒரு கிழமை கேட்டு, அக்டிவ் சரியில்லை என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டி அறைக்குள் வந்த பிறகு பாஸ். பன்னிரண்டு அடி நீளம் 48 ஹேர்ட்ஸிலும் பத்தடி அகலம் 57 இலும் முழங்கும். கல்லுச் சுவர் பாஸைக் குடிக்காது, திருப்பி அடிக்கும். மேடுகளை வெட்டுங்கள், 5 அல்லது 6 டெசிபெல். பள்ளங்களை நிரப்பப் போகாதீர்கள். எவ்வளவு வாற் ஊற்றினாலும் அந்த இடத்தில் இரண்டு அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வூஃபர்தான் வீணாய்த் துள்ளும். கதிரையை ஒரு அடி முன்னுக்கு இழுத்தால் பள்ளம் தானே போகும்.

காதுக்கு வேலை இப்போதுதான். தவிலும் நாதஸ்வரமும் இருவழிப் பெட்டிக்கு வைக்கிற சோதனை மாதிரி எதுவும் வைக்காது. தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பதிவு ஏதாவது கையிலிருந்தால் அதைப் போடுங்கள். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுகிற "டக்" குரோஸ்ஓவரின் இரண்டு பக்கத்திலும் பரவும். தொப்பியில் கம்பு விழுகிற "தொம்" வூஃபருடையது. ஒரே அடி ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். "டக்" மேலே ஒரு இடத்தில், "தொம்" கீழே வேறு இடத்தில் என்று பிரிந்தால் தாமதத்தைத் திரும்பப் பாருங்கள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது கண்ணைச் சுருக்க வைத்தால் 2500, 3500க்கு இடையில் மேடு இருக்கிறது. மோனோப் பதிவு இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் அளவுக்கு நிற்க வேண்டும். சாய்ந்தால் இட வல அளவு ஒத்துப்போகவில்லை.

பாட்டு நின்றதும் ருவீட்டரில் "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல் வருவது புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற முறைப்பாடு. முன்பு பசிவ் பலகையின் றெசிஸ்டர் அதை மறைத்தது. டிபிஏ 3116 பலகைகள் பெரும்பாலும் 26 டெசிபெல் அல்லது அதற்கு மேல் பெருக்கத்தோடு வரும். பலகையில் இரண்டு சின்ன றெசிஸ்டரை மாற்றினால் 20 ஆகும், இரைச்சலும் இறங்கும். 3886ஐயும் 20 வரை இறக்கலாம், அதற்குக் கீழே இறக்கினால் அது தானாக ஊளையிடும். ருவீட்டரின் அளவை டிஎஸ்பிக்குள் குறைப்பதைவிட அம்பில் குறைப்பது நல்லது. "ம்ம்ம்" என்ற உறுமல் வேறு வியாதி: டிஎஸ்பி ஒரு பிளக்கிலும் அம்ப் அறையின் மற்ற மூலைப் பிளக்கிலும் நின்றால் பூமி வயர் பெரிய வளையமாகும். எல்லாவற்றையும் பல ஓட்டை உள்ள ஒரே பிளக் பலகையில் செருகுங்கள். பூமி முனையை வெட்டிவிட்டால் உறுமல் போகும் என்று சொல்கிற ஆளிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். 2022 இல் கரண்ட் வெட்டிய நாட்களில் வாங்கிய மலிவு இன்வேர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் குற்றம் அம்பில் இல்லை. அந்த இன்வேர்ட்டரின் அலை சதுரம்.

பிறகு வருகிறவை ஊர் வியாதிகள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஆர்சிஏ பிளக்குகள் ஒரு வருடத்துக்குள் பச்சை பிடிக்கும், ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடும். ஐசோப்ரொப்பைல் அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்துச் செருகுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் சுவிச்சை நிறுத்துவது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும், டிஎஸ்பிக்குப் போகிற வயரையும். அம்ப் பெட்டியின் காற்று ஓட்டைக்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்றை உள்ளுக்கு ஒட்டுங்கள். சூடான இடத்தைத் தேடிப் பல்லி உள்ளே போய், 230 வோல்ற் வருகிற இரண்டு முனைக்கும் குறுக்கே படுத்துவிடும்.